காளான் கூடையும் சங்கத்தின் பொறுப்பும்

இடி இடித்து, இரண்டு நாள் மழை பெய்து, மூன்றாம் நாள் வெயில் முகங்காட்டினால், நம் ஊர்ப்புறங்களில் சிறுவர் முதல் முதியோர் வரை கூடையும் கையுமாகப் புறப்பட்டுவிடுவர். கறையான் புற்றோரங்களிலும், வைக்கோற்போர் அடியிலும், வேலிக்கால்களிலும் வெண்குடை விரித்து நிற்கும் காளான்களுக்காகவே இந்தப் பயணம். சங்கப் புலவர்கள் ‘ஆம்பி’ என்று பெயரிட்டழைத்த இப்பொருள் நம் மக்களுக்குப் புதிதன்று. கறி வாங்க வகையற்ற வீட்டிலும் கறிக்கு நிகரான மணத்தை எழுப்புவது. விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் கிடைப்பது. இதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், சென்ற மழைக்காலத்தில் நாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சி, இப்பழைய வழக்கத்தைப் பற்றி அங்கத்தினர்களிடம் மனம் விட்டுப் பேசும்படி நம்மைத் தூண்டுகிறது.

மேற்கு மலையடிவாரத்தில் நெசவாளரும் உழவரும் கலந்து வாழும் ஓர் ஊருக்குச் சங்க ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். சங்கப் பண்டகசாலையின் வாயிலில் மூன்று கூடைகள் நிறையக் காளான் இருந்தது. ‘அங்கத்தினர்கள் கொண்டுவந்து வைக்கிறார்கள், அங்கத்தினர்களே வாங்கிக்கொள்கிறார்கள், நாலு காசு அவர்களுக்கும் கிடைக்கட்டுமே’ என்றார் விற்பனையாளர். நல்லெண்ணத்துடன் செய்த காரியந்தான். நாமும் அன்று அதைப் பெரிதாக எண்ணாமல், பேரேடுகளைப் பார்ப்பதில் மூழ்கிவிட்டோம். மாலைக்குள் மூன்று கூடைகளும் காலியாயின.

அன்றிரவே இரண்டு நெசவாளர் வீடுகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. உணவருந்திய இரண்டு மணி நேரத்திற்குள் பெரியவர்களும் குழந்தைகளுமாக ஏழு பேர் படுத்துவிட்டனர். ஒரு வீட்டில் பாட்டியம்மை தம் வெள்ளி மெட்டியைக் கழற்றிக் குழம்பிற் போட்டுப் பார்த்து, அது கறுக்காததைக் கண்ட பின்னரே பரிமாறினாராம். இறைவன் அருளால் அனைவரும் பிழைத்தனர். மறுநாள் அரசு மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, ‘எந்தக் காளான்?’ என்பது. சமைத்ததில் மிச்சம் இல்லை. ‘எவருடைய கூடை?’ என்பது அடுத்த கேள்வி. சரக்கு வரவுப் பதிவேட்டைப் புரட்டினோம். சோப்பு வில்லைகளுக்குக் கூடக் கணக்கிருந்த அந்தப் பதிவேட்டில் காளானுக்கு ஒரு வரி இல்லை.

பிறகு நடந்ததே நம்மை மிகவும் வருத்தியது. மூன்று கூடைகளில் ஒன்று, கணவனை இழந்து களையெடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்மணி கொண்டுவந்தது. மற்ற இருவரும் ஊரில் செல்வாக்குள்ளவர்கள். இரண்டு நாட்களுக்குள் ஊரார் அனைவரும் அந்தப் பெண்மணியின் கூடையே காரணம் என்று முடிவு கட்டிவிட்டனர். அது அவருடைய கூடைதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அன்று என்பதற்கும் ஆதாரம் இல்லை. எழுத வேண்டிய ஒரு வரியை எழுதாததால், எளியவர் ஒருவர் தலையில் பழி விழுந்தது.

இதை எண்ணும்போது, அந்த ஏழு பேர் பிழைத்ததற்கான காரணத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். உண்ட சிறிது நேரத்திற்குள் வாந்தியை உண்டாக்கும் காளான்கள் பெரும்பாலும் துன்பத்தைத் தந்துவிட்டு விட்டுவிடுகின்றன. உயிரைக் குடிப்பவை வேறு வகை. ‘அமானிட்டா’ இனத்தைச் சேர்ந்த சில காளான்களிலும், ‘லெபியோட்டா’ என்னும் சிறு குடைக்காளான்கள் சிலவற்றிலும் ‘அமாடாக்சின்’ என்ற நஞ்சு உள்ளது. இதனை உண்டவர்க்கு ஆறு மணி நேரம், சில வேளை பன்னிரண்டு மணி நேரம் வரையில் ஒன்றுமே தெரியாது. பின்னர்க் கடும் வாந்தியும் பேதியும் காணும். இரண்டாம் நாள் சற்றுத் தணிந்து, நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும். வீட்டார் மருத்துவமனையிலிருந்து அழைத்துச் செல்ல விரும்புவதும் அப்போதுதான். அந்நேரத்தில் நஞ்சு ஈரலைச் சிதைத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் தொடங்கி மஞ்சள் காமாலையும் மயக்கமும் காணும். ஒரே ஒரு முழுக் காளான் வளர்ந்த மனிதர் ஒருவரைக் கொல்லப் போதுமானது. கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், உலர்த்தினாலும் இந்நஞ்சு அழிவதில்லை.

இது ஏட்டளவிலுள்ள அச்சமன்று. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக்காளான் உண்ட 13 பேர் சில நாட்களுக்குள் மாண்டனர். ஆறு வயதுக் குழந்தையும் அவர்களுள் ஒன்று. மாண்டவர்களிற் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நம்மைப் போன்றே, மழைக்காலத்தில் கூடையுடன் புறப்பட்ட உழைப்பாளிகள் அவர்கள்.

‘அவர்கள் அறியாதவர்கள்; நாங்கள் பரம்பரையாக அறிந்தவர்கள்’ என்று கூறுவோரும் உண்டு. பரம்பரை அறிவை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த அறிவு அது பிறந்த மண்ணோடு கட்டுண்டது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் 2011 டிசம்பர் 31 அன்று நடந்ததைப் பாருங்கள். சீன நாட்டைச் சேர்ந்த சமையற்காரர் ஒருவர், அங்கே பறித்த காளான்களைக் கொண்டு புத்தாண்டு விருந்து சமைத்தார். அவரும் உடன் உண்ட மற்றொருவரும் 2012 சனவரி முதல் வாரத்தில் உயிர் நீத்தனர். அவர் பறித்தது ‘மரணத்தொப்பி’ எனப்படும் அமானிட்டா. தம் நாட்டு வைக்கோற்காளான் என்று எண்ணியே பறித்திருக்க வேண்டும் என்று அப்போது கருதப்பட்டது. இரண்டும் இளமையில் முட்டை வடிவாய், ஓர் உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவருபவை. இரண்டின் அடியிலும் கிண்ணம் போன்ற உறை தங்கிநிற்கும். உணவுப் பொருள்களோடு பழகியே பிழைத்த கைகளும் அயல் மண்ணில் தவறின.

அயல் மண் என்பது கடல் கடந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் வெளிநாட்டுப் பைன் மரங்களை நட்டபோது, அவற்றின் வேரோடு உறவாடும் காளான்களும் உடன் வந்தன. செந்நிறத் தொப்பியில் வெண்புள்ளிகள் கொண்ட நச்சு அமானிட்டா அம்மலைகளில் கண்டறியப்பட்டுள்ளது. நம் பாட்டனார் காலத்துச் சோலையில் இல்லாத ஒன்றைப் பாட்டனார் அறிவு எங்ஙனம் காக்கும்? நிலம் மாறினால் அறிவையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இனி, அடுப்பங்கரைச் சோதனைகளைப் பற்றிச் சொல்லுவோம். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்க்கையால். அமாடாக்சினுக்கும் வெள்ளிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பூண்டும் வெங்காயமும் அரிசியும் நிறம் மாறுவதும் அத்தகையதே. ‘பூச்சி அரித்தது நல்லது’ என்பர். நத்தைகளும் முயல்களும் மனிதரைக் கொல்லும் காளானைத் தின்று நலமாகவே இருக்கின்றன. ‘தோல் உரிந்தால் நல்லது’ என்பர். மரணத்தொப்பியின் தோலும் உரியும். ‘நாற்றமடிப்பது விஷம், சுவையானது நல்லது’ என்பர். மரணத்தொப்பியை உண்டு பிழைத்தவர்கள் அது மிகச் சுவையாக இருந்ததாகவே கூறியுள்ளனர். ‘மரத்தில் முளைத்தது நல்லது’ என்பதும் தவறு. அமாடாக்சின் கொண்ட காளான்களுள் மரக்கட்டையில் வளர்வனவும் உண்டு. இக்காலத்து இளைஞர் கைபேசியிற் படம் பிடித்துப் பெயர் கேட்கின்றனர். படத்தில் வேரும் தெரியாது, மணமும் தெரியாது. அது சொல்லும் பெயரை நம்பி உலை வைப்பது, மெட்டியை நம்பி உலை வைப்பதினும் மேலானதன்று. காளான் அனைத்துக்கும் பொதுவான ஒரு சோதனை உலகில் இல்லை. ஒவ்வொரு காளானையும் தனித்தனியே அறிந்தாலன்றி வேறு வழியில்லை.

அப்படியானால் அறிவது எங்ஙனம்? நம்மவர் மிகவும் விரும்பும் கறையான் புற்றுக்காளானையே எடுத்துக்கொள்வோம். கறையான்கள் புற்றுக்குள் ஒரு வகைப் பூஞ்சையைப் பயிர் செய்து உண்கின்றன. அந்தப் பயிரே மழைக்காலத்தில் மண்ணைத் துளைத்துக்கொண்டு குடையாக வெளிவருகிறது. அதனால் பெரிய வகைகளின் தண்டு வேர் போல நீண்டு, புற்றின் உள்ளே வரை இறங்கியிருக்கும். குடையின் நடுவில் மண்ணைத் துளைக்க உதவிய கூர்முனை இருக்கும். குடைக்கடியிலுள்ள மடிப்புகளின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாக இருக்கும். அமானிட்டாவிலோ அடியில் கிண்ண உறையும், பெரும்பாலும் தண்டில் வளையமும் காணப்படும். அதன் வித்துத்தூள் வெண்மை. புல்வெளிகளில் மழைக்குப் பின் பெருங்குடையாக முளைத்து ஏமாற்றும் மற்றொரு நச்சுக்காளானுக்கு வித்துத்தூள் பச்சை.

இவற்றைக் காண வேண்டுமானால் காளானை அறுத்தோ ஒடித்தோ எடுத்தலாகாது. அடையாளத்தின் பாதி மண்ணுக்குள் நின்றுவிடும். முதற் காளானையேனும் அடியோடு தோண்டி எடுத்துப் பார்த்தல் வேண்டும். முட்டைப் பருவத்திலுள்ள மொட்டுகளைத் தொடவே கூடாது. அப்பருவத்தில் நல்லதும் தீயதும் ஒன்று போலவே தோன்றும். வித்துத்தூளின் நிறம் காண, குடையை மடிப்புகள் கீழாக ஒரு தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடி இரவு முழுதும் விட்டால், காலையில் தாளில் தூள் படிந்திருக்கும். பாதித் தாள் வெண்மையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் வெள்ளைத் தூளும் புலப்படும். இச்சோதனை தீயதை விலக்க உதவுமேயன்றி, நல்லதென்று ஏற்க உதவாது. இளஞ்சிவப்புத் தூள் உடையவற்றிலும் நச்சுக்காளான்கள் உண்டு. இடம், வேர், உறை, வளையம், மடிப்பு, தூள், மணம் ஆகிய அனைத்தும் ஒத்திருந்து, அதே நிலத்தில் அதனைப் பல்லாண்டு உண்ட முதியவரும் ஒப்பினாலன்றிக் கூடையில் இடலாகாது.

நல்ல காளானும் தீய இடத்தில் வளர்ந்தால் தீயதாகும். காளான் தன் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. சாயப்பட்டறைக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால்களின் கரையிலும், பூச்சிமருந்து தெளித்த வயலிலும், நெடுஞ்சாலை ஓரத்திலும் முளைத்ததைப் பறிக்கக் கூடாது. நெசவாள அங்கத்தினர்கள் இதைச் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டும்.

மருந்துக் காளான் என்ற பெயரில் இப்போது நடைபெறும் வியாபாரத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘கானோடெர்மா’ என்னும் மரக்காளானின் தூளைப் பொட்டலமாக்கி, நீரிழிவு முதல் புற்றுநோய் வரை தீர்க்குமென்று விற்கின்றனர். தென்னை வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு இந்த இனம் நன்கு அறிமுகமானது. 1950-களில் வீசிய புயல்களுக்குப் பின் தஞ்சைக் கடலோரத்தில் தென்னைகளைத் தாக்கி, ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்று பெயர் பெற்ற அடித்தண்டு அழுகலை உண்டாக்குவது இவ்வினமே. சீனத்திலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக மருந்தாக வழங்கிவருவது உண்மை, ஆராய்ச்சிகளும் நடைபெறுகின்றன. எனினும் புற்றுநோய்க்கு முதல் மருந்தாகக் கொள்ளப் போதிய சான்று கிடைக்கவில்லை. தென்னையின் அடியில் கண்டதைச் சுரண்டிக் கஷாயம் வைப்பதும், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுப் பொட்டலத்தை நம்புவதும் பெருந்தவறு.

இவ்வளவும் கூறிய பின், சங்கங்களுக்கு நம் யோசனைகளைத் தெரிவிக்கிறோம்.

முதலாவதாக, காட்டிலும் வயலிலும் பறித்த காளானைச் சங்கப் பண்டகசாலையிலோ அதன் வாயிலிலோ விற்க இடந்தரக் கூடாது. இதனை மகாசபையில் தீர்மானமாக்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். தம் வீட்டுக்குப் பறிப்பவர் தம் அறிவை நம்பி உண்கிறார். சங்கத்தில் வாங்குபவரோ சங்கத்தின் பெயரை நம்பி உண்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஈடாகச் சங்கத்தினிடம் என்ன சோதனை இருக்கிறது? ஒன்றுமில்லை. சோதிக்க இயலாத சரக்கை விற்பது கூட்டுறவுக்கு அடுத்ததன்று.

இரண்டாவதாக, முதல் மழைக்குப் பின் ஒரு நாள், ஊர் முதியோர் தலைமையில் இளைஞர்களை அழைத்துக்கொண்டு சொந்த நிலங்களைச் சுற்றிவர வேண்டும். காளான்களை அடியோடு தோண்டிக் காட்ட வேண்டும். முதியவர் இருவரிடம் தனித்தனியே பெயர் கேட்க வேண்டும். இருவர் சொல்லும் ஒத்துவராவிடில், அல்லது ஒருவர் சற்றே தயங்கினாலும், அதனைக் குப்பையில் எறிந்துவிட வேண்டும். முதியோருடன் மறைந்துகொண்டிருக்கும் அறிவை இவ்வழியே காப்பாற்றலாம்.

மூன்றாவதாக, பறித்துச் சமைக்கும் வீடுகளில் பலவகைக் காளான்களை ஒரே பாத்திரத்தில் கலக்கக் கூடாது. பச்சையாக உண்ணக் கூடாது. சமைக்குமுன் முழுக்காளான் ஒன்றைத் தாளிற் சுற்றித் தனியே வைத்திருக்க வேண்டும். உண்டபின் எவருக்கேனும் உடல்நலம் குன்றினால், உப்புநீரும் வேப்பிலைச் சாறும் கொடுத்துக் காலங்கடத்தாமல் உடனே 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்க. தாளிற் சுற்றிய காளானையும் எடுத்துச் செல்க. உடன் உண்ட அனைவரும், நலமாக இருப்பவர் உட்பட, செல்ல வேண்டும். வாந்தி நின்றுவிட்டது என்று மருத்துவர் விடை கொடுக்குமுன் திரும்பி வரலாகாது.

‘ஏழையின் நாலு காசு வருமானத்தைத் தடுக்கிறீர்களே’ என்று கேட்பர். நியாயமான கேள்வி. இதற்கு விடை நம் சங்கங்களிடமே இருக்கிறது. வைக்கோற்காளானை வளர்க்கும் முறை 1940-களின் தொடக்கத்திலேயே கோவை வேளாண்மைக் கல்லூரியில் ஆராயப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வகைகளை வெளியிட்டிருக்கிறது. அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய ‘ஏபிகே 2’ பாற்காளான் நம் வெப்பத்திலும் நன்கு விளையும். உழவரிடம் வைக்கோல் இருக்கிறது. நூற்பாலையிலிருந்து சாயம் ஏறாத கழிவுப் பஞ்சும் பெறலாம். வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடிந்தபின் பைகளில் அடுக்கடுக்காக விதையிட்டால், சிப்பிக்காளான் ஒரு மாதத்திற்குள் முதல் அறுவடைக்கு வந்துவிடும். தறி இருக்கும் அறையில் மட்டும் வைத்தல் வேண்டா; ஈரம் பாவுக்கு ஆகாது, சிப்பிக்காளானின் வித்துத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. வேளாண்மை அறிவியல் நிலையங்களில் பயிற்சி பெற்று, விதையை நம்பகமான இடத்தில் வாங்கி, ஐந்தாறு அங்கத்தினர்கள் கூடி ஒரு கொட்டகை அமைத்தால், பெயரும் வகையும் தெரிந்த சரக்கைச் சங்கம் தலைநிமிர்ந்து விற்கலாம். ஒவ்வொரு கூடைக்கும் பதிவேட்டில் ஒரு வரியும் எழுதலாம்.

நாம் முதலிற் கூறிய சங்கத்திற்கு மீண்டும் வருவோம். அந்தப் பெண்மணியின்மீது பழி சுமத்த ஆதாரமில்லை என்பதை மகாசபையில் தீர்மானமாக எழுதும்படி யோசனை கூறினோம். தலைவரும் இயக்குநர்களும் பெருந்தன்மையோடு அவ்வாறே எழுதினர். காரியதரிசி அவர் வீட்டிற்கே சென்று படித்துக் காட்டினார். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டாராம். இன்றளவும் சங்கத்தின் படியேறி அவர் வரவில்லை. அரிசி, பருப்பு வாங்கவும் பக்கத்து வீட்டுச் சிறுமியையே அனுப்புகிறார். அன்று காலை அந்தக் கூடைகளைக் கண்டும் ‘இதற்குக் கணக்கு எங்கே?’ என்று கேளாமற் போன நம் குறையையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். இந்த மழைக்காலத்தில் வேறெந்தச் சங்கத்திலும் அத்தகைய கூடை வாயிலில் இருத்தலாகாது என்பதே நம் வேண்டுகோள்.